வியாழனின் ஒளியும் வெப்பமும்

கேள்வி: வியாழன் சூரியனிடம் வாங்குவதைவிட அதிக வெப்பத்தை வெளியிடுகிறதாமே? அப்படியானால் இரவில் நாம் பார்க்கும் ஒளியில் அதன் சொந்தப் பங்கும் உண்டா?

பதில்: இல்லை. கண்ணுக்குத் தெரிவது முழுக்க முழுக்கச் சூரிய ஒளிதான். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அயோ நிலவின் நிழல் வியாழன்மேல் விழும் நேரத்தில், 10 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியில் 150 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். மைப்பொட்டு போன்ற கறுப்புப் புள்ளி நகரும். வியாழன் தானாக ஒளிர்ந்தால் அந்த இடம் அவ்வளவு கறுத்துப்போகாது. அடிவானத்தருகே பார்த்தால் காற்றின் அலைவில் புள்ளி கரைந்துவிடும். நன்றாக மேலே ஏறும்வரை பொறுங்கள். தொலைநோக்கியையும் அரைமணி முன்பே வெளியே வைத்துவிடுங்கள்.

வெப்பம் வேறு விஷயம். வியாழன் வெளியிடும் மொத்த வெப்பம், சுமார் மைனஸ் 148 டிகிரி செல்சியஸில் உள்ள பொருள் வெளியிடுவதற்குச் சமம். அவ்வளவு குளிர்ந்த பொருளிலிருந்து வருவது அகச்சிவப்புக் கதிர்தான். அதன் உச்சம் 23 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அலைநீளத்தில். நம் கண்ணுக்கு 0.7 மைக்ரானோடு சரி. 5 மைக்ரானில் எடுத்த படங்கள் அற்புதமானவை: வெண்பட்டைகள் இருண்டு கிடக்க, மேகம் மெலிந்த பழுப்புப் பட்டைகளின் வழியே ஆழத்து வெப்பம் ஒளிர்கிறது.

கணக்கு இதுதான். வியாழனின் தொலைவில் சூரிய ஒளி சதுர மீட்டருக்கு 50 வாட். உருண்டையின் முழுப் பரப்புக்கும் பகிர்ந்தால் 12.5 வாட். அதில் பாதி எதிரொளித்துப் போக, உள்ளே இறங்குவது 6 வாட்டுக்குச் சற்று மேல். வெளியேறுவதோ சுமார் 14 வாட். மிச்சம் கிரகத்தின் சொந்தச் சரக்கு. அணுக்கரு இணைவு அல்ல, உருவானபோது சுருங்கியதில் சேர்ந்த வெப்பம் இன்னும் கசிகிறது.

இதில் சிக்கலானது அந்த ‘பாதி’. பூமியிலிருந்து வியாழனை ஏறத்தாழ முழுவட்டமாகத்தான் பார்க்க முடியும். பக்கவாட்டில் சிதறும் ஒளி நமக்கு வராது. வாயேஜர் விண்கலங்களின் தரவுகளை வைத்து, எதிரொளிப்பது 34 சதவீதம் என்றே நெடுநாள் கணக்கிட்டார்கள். 2000 டிசம்பரில் வியாழனைக் கடந்த காசினி விண்கலம் பல கோணங்களில் அளந்ததை ஆராய்ந்து, 2018இல் அதை 50 சதவீதமாகத் திருத்தினார்கள். உள்வெப்பத்தின் மதிப்பும் சுமார் 5.4 வாட்டிலிருந்து 7.5 வாட்டாக உயர்ந்தது.

கேள்வி: எல்லாக் கிரகங்களும் இப்படியா?

பதில்: சனியும் நெப்டியூனும் அப்படித்தான். சனிக்குள் ஹீலியம் துளித்துளியாகக் கீழிறங்குவதாலும் வெப்பம் பிறக்கிறது. யுரேனஸிடம் மிகக் குறைவு. பூமியின் உள்வெப்பம் சதுர மீட்டருக்கு வெறும் 0.09 வாட், சூரியனிடமிருந்து உள்வாங்குவதோ சுமார் 240 வாட்.