பாதியில் நிற்கிற கத்தி: பழுது ஸ்பிறிங்கிலா?

கேள்வி: ஐயா, சுன்னாகத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் இருந்து வந்த அத்தான் போகும்போது ஒரு கத்தி தந்துவிட்டுப் போனார். பிடியில் உள்ள விசையை முன்னுக்குத் தள்ளினால் அலகு முன்பக்கத்தால் நேரே பாயும், பின்னுக்கு இழுத்தால் உள்ளே போய்விடும். சாமான் பெட்டி வெட்டத்தான் பாவிக்கிறேன். இப்போது இரண்டு கிழமையாக அலகு வெளியே வருகிறது, ஆனால் பூட்டுப்படுகிறதில்லை. தொட்டால் உள்ளுக்குப் போகிறது. ஸ்பிறிங் போய்விட்டதா? தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார்கள். கழற்றிப் பார்க்கலாமா?

பதில்: தம்பி, தேங்காய் எண்ணெய் வேண்டாம், கழற்றவும் வேண்டாம். நீங்கள் சொல்கிற குணங்குறியைப் பார்த்தால் ஸ்பிறிங்கில் பிழை இருக்காது. பெட்டி வெட்டப் பாவிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் அதற்குள்தான் கிடக்கிறது. ஏன் என்று விளங்க, பிடிக்குள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

முன்னால் பாய்கிற கத்திகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, பொத்தானை அமத்தினால் விரிகிற குடை மாதிரி. குடை மடிந்திருக்கும்போதே அதன் ஸ்பிறிங் அமுங்கிப்போய்க் காத்திருக்கும். பொத்தானைத் தொட்டதும் விரியும், மடிக்கிறதென்றால் நாங்கள்தான் பலம் போட்டு அமத்த வேண்டும். மைக்ரோடெக் என்கிற கத்திக் கம்பனியின் ஹேலோ என்ற கத்தி இந்தச் சாதி. அதில் அலகைத் திரும்ப உள்ளுக்கு எடுக்கக் கையால் இழுக்க ஒரு பிடி இருக்கும். அதே கம்பனியின் அல்ட்ராடெக் மற்றச் சாதி: ஒரே விசை அலகை வெளியிலும் விடும், உள்ளுக்கும் எடுக்கும். உங்களிடம் இருப்பதும் இந்த இரண்டாவது சாதிதான். பார்க்கிறதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே நடக்கிற வேலை வேறு.

உங்களுடைய கத்தி மூடியிருக்கும்போது அதன் ஸ்பிறிங் சும்மா கிடக்கிறது. திறந்து பூட்டுப்பட்டு நிற்கும்போதும் சும்மாதான் கிடக்கிறது. அதற்குப் பலம் கொடுக்கிறது உங்கள் பெருவிரல்.

சின்ன வயதில் கெற்றப்போல் அடித்திருப்பீர்கள். கல்லை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து றப்பரை இழுப்போம், விரலை விட்டதும் கல் பறக்கும். இதிலும் அந்தக் கணக்குத்தான். விசையின் அடியில் ஒரு தகட்டுச் சட்டம் இருக்கிறது. மெல்லிய இழுவை ஸ்பிறிங் ஒன்றின் இரு முனைகளும் அந்தச் சட்டத்துக்குள் கொளுவியிருக்கின்றன. அலகின் அடிப்பாகத்தில் ஒரு வெட்டு இருக்கும். பிடிக்குள்ளே ஒரு பூட்டு நாக்கு அந்த வெட்டுக்குள் விழுந்து அலகை அசையவிடாமல் வைத்திருக்கும். நீங்கள் விசையைத் தள்ளும்போது ஸ்பிறிங்கின் முன்முனை சட்டத்தோடு முன்னுக்குப் போகிறது. பின்முனை அலகின் அடியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அலகு அசையாதபடியால் ஸ்பிறிங் இழுபடுகிறது. பெருவிரலில் பாரம் கூடிக்கொண்டு போகிறதே, அது இந்த இழுப்புத்தான். தள்ளி முடிகிற இடத்தில் சட்டத்தில் உள்ள ஒரு சரிவு பூட்டு நாக்கை ஒதுக்கிவிடும். கெற்றப்போலில் விரலை விடுகிற கணம் அதுதான். அலகு பாய்கிறது. மறுபக்கத்தில் உள்ள நாக்கு வெட்டுக்குள் விழ, 'டக்' என்று கேட்கும். உள்ளுக்கு இழுக்கும்போது இதே வேலை மறுவளமாக நடக்கும்.

இனி நான் சொல்லப்போகிறதை உங்கள் கத்தியிலேயே பார்க்கலாம். விசை எவ்வளவு தூரம் நகருகிறது? ஏறக்குறைய ஒரு அங்குலம். அலகு எவ்வளவு நகருகிறது? மூன்று அங்குலமாவது இருக்கும். ஸ்பிறிங் இழுபட்டது விசை போன அளவுக்கு. ஆகவே அது அலகை இழுக்கிறதும் அந்த அளவுக்குத்தான். மிச்சத் தூரத்தை அலகு பெற்ற வேகத்திலேயே ஓடி முடிக்க வேண்டும். கெற்றப்போல் கல்லை றப்பர் கவை வரைக்கும்தான் தள்ளுகிறது, மாங்காய் வரைக்கும் கல்லோடு சேர்ந்து போகிறதில்லை. கடைசி நாக்கு விழுகிற இடத்தில் அலகைத் தள்ள ஒருவரும் இல்லை. வழியில் கொஞ்சம் ஒட்டினாலும் வேகம் குறைந்து, பூட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றுவிடும்.

சாமான் பெட்டியில் என்ன ஒட்டியிருக்கிறது? பசை ரேப். அதன் பசை அலகில் பிடிக்கிறது. மட்டையின் தூள் அந்தப் பசையில் பிடிக்கிறது. விசையை இழுத்தவுடன் இரண்டும் பிடிக்குள் போகின்றன. இப்படி ஒன்று என் மேசைக்கு வந்தபோது ரோச் அடித்து, அலகு வெளியே வருகிற வாய்க்குள் பார்த்தேன். அலகு ஓடுகிற தவாளிப்பின் ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு படை. ஊசியால் தொட்டால் நூலாக இழுபட்டது. அந்தக் கத்தியின் ஸ்பிறிங்குக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டால் முதல் நாள் வழுக்கும். பிறகு அது தடித்துப் பிசினாகி, எங்கள் செம்மண் தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

முதலில், பாதியில் நிற்கிற அலகை இடத்துக்குக் கொண்டுவாருங்கள். விசை முன்னுக்கு இருக்கட்டும். தடித்த துணியால் அலகின் தட்டையான இரு பக்கத்தையும் பிடித்து, 'டக்' கேட்கும் வரை நேரே வெளியே இழுங்கள். இவற்றில் பல கத்திகளுக்கு இரண்டு ஓரமும் கூர், அதனால் ஓரத்தில் கை வைக்கவே வேண்டாம். உள்ளுக்குப் போகும்போது பாதியில் நின்றால், விசையைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு, நுனியை ஒரு பலகையில் ஊன்றி மெதுவாக அமத்துங்கள். இப்படிக் கழன்று நிற்கிறது உடைவு இல்லை. அலகு எதிலாவது முட்டினால் தடம் விட்டு நிற்கிற மாதிரித்தான் இதன் அமைப்பு. அதை நம்பி விரலை முன்னால் வைத்துப் பார்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள், பாய்கிற அலகு நிற்க முதல் வெட்டிவிடும்.

பிறகு கழுவுங்கள். போன் திருத்துகிற கடைகளில் பாவிக்கிற ஐசோபுரொப்பைல் அல்ககோல் போதும். அலகு வெளியே பூட்டுப்பட்டிருக்கும்போது அதன் பசையைத் துணியால் துடைத்தெடுங்கள். வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, மெல்லிய குழாயால் உள்ளுக்குச் சில துளிகள் பீய்ச்சி, பத்துப் பதினைந்து தரம் திறந்து மூடுங்கள். அழுக்குத் தண்ணீர் வழியும். தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இது நெருப்புப் பற்றுகிற திரவம், ஆகவே முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ சாம்பிராணியோ இருக்கக் கூடாது. கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு காற்றடித்துக் காயவிட்டு, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி, இரண்டு துளி. அதற்கு மேல் வேண்டாம். டபிள்யூ.டி. 40 என்கிற ஸ்பிறே அழுக்குக் கழுவ உதவும், எண்ணெயாக அதையே விட்டுவைக்காதீர்கள்.

பூட்டுப்பட்ட பிறகும் அலகு கொஞ்சம் ஆடுகிறதே என்று யோசிக்க வேண்டாம். நாக்குகள் விழவும் அலகு தடையில்லாமல் ஓடவும் அந்த இடைவெளி வேண்டும்.

ஸ்பிறிங் உண்மையாகவே போயிருந்தால் பெருவிரல் சொல்லும். விசை திடீரென்று பாரமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். அப்போது மட்டும் செய்த கம்பனிக்கு எழுதுங்கள். நட்சத்திரத் தலை ஸ்குரூவைக் கழற்றினால் அரிசி அளவான நாக்கும் அதன் குட்டி ஸ்பிறிங்கும் தெறித்துப்போகும். கிடைத்தாலும் எந்தப் பக்கம் எது இருந்தது என்று தெரியாமல் இருப்பீர்கள்.

பெட்டி வெட்டுகிற வேலைக்கு அலகு முறித்துப்போடுகிற சாதாரணக் கட்டரே திறம், அதில் பசை பிடித்தால் ஒரு துண்டை முறித்துவிடலாம். இந்தக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வீதியில் திரியாதீர்கள். வாள்வெட்டுச் செய்தி வருகிற ஊரில் பொலிஸ் மறித்தால் பெட்டி வெட்ட என்று சொல்லித் தப்ப ஏலாது. கனடா, லண்டன் சொந்தங்கள் ஆசைப்பட்டுக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டாம். கனடாவில் இது தடைசெய்யப்பட்ட ஆயுதம். பிரித்தானியாவில் விற்பதும் இறக்குமதி செய்வதும் பல பத்தாண்டுகளாகத் தடை, 2021 இலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம்.