மூன்று நாள் பட்டினி கிடந்தால் புற்றுநோய் போய்விடுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ போய்க்கொண்டிருக்கிறது. பட்டினி கிடந்தால் உடம்பு புற்றுநோய் செல்களைத் தானே தின்றுவிடும், அதைக் கண்டுபிடித்த ஜப்பான்காரருக்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி, மாமா மூன்று நாள் தண்ணீர் விரதம் இருக்கச் சொல்கிறார். இருக்கலாமா?
– வாசகி, தேனி

பதில்: வேண்டாம். காரணத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் அம்மாவை வேளாவேளைக்குச் சாப்பிட வையுங்கள். கீமோ நடக்கும்போது எடை குறைந்து தசை கரைந்தால் அடுத்த ஊசியைத் தாங்க உடம்பில் தெம்பு இருக்காது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் பட்டினி இன்னும் ஆபத்து.

இப்போது அந்த நோபல் கதை. 2016-இல் பரிசு பெற்ற யோஷினோரி ஓசுமி ஆராய்ந்தது புற்றுநோயை அல்ல, ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்டை. செல் தனக்குள் பழுதான புரதங்களையும் நுண்ணுறுப்புகளையும் ஒரு சவ்வுப் பைக்குள் மூடி, செரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் உடைத்து, கிடைத்ததை மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். ஆட்டோஃபேஜி என்பது இதுதான். ஓசுமி செரிக்கும் என்சைம்கள் இல்லாத ஈஸ்டை எடுத்துப் பட்டினி போட்டார். உடைக்க முடியாத பைகள் உள்ளே குவிந்து, சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே தெரிந்தன. அந்த எளிய யோசனையின் அழகை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. அதிலிருந்து தொடங்கி, இந்த வேலைக்குத் தேவையான மரபணுக்களை வரிசையாகப் பிடித்தார், 1993-இல் வந்த கட்டுரையில் 15. அவற்றில் பலவற்றுக்கு இணையானவை நம் செல்களிலும் இருக்கின்றன.

பசித்த செல்லில் ஆட்டோஃபேஜி கூடும் என்பது உண்மை. ஆனால் அது புற்றுநோய்க்கு எதிரியா என்றால், சில நேரம் எதிரி, சில நேரம் கூட்டாளி. அமெரிக்க ஆராய்ச்சியாளர் பெத் லெவினின் குழு 1999-இல், பெக்லின் 1 என்ற ஆட்டோஃபேஜி மரபணுவை மார்பகப் புற்றுநோய் செல்களில் கூடுதலாக வேலை செய்ய வைத்தபோது கட்டி வளரும் வேகம் குறைந்தது. கட்டி வளர்ந்த பிறகு நிலைமை வேறு. ரத்தம் சரியாக எட்டாத உள்பகுதியில் பட்டினியில் தவிக்கும் புற்றுநோய் செல்களும் இதே வழியில்தான் தங்களைத் தின்று பிழைக்கின்றன, கீமோவின் அடியைத் தாங்கவும் அது உதவலாம். அதனால்தான் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுத்து ஆட்டோஃபேஜியைத் தடுத்துப் பார்க்கும் சோதனைகள் நடந்தன. கணையப் புற்றுநோயில் கீமோவோடு சேர்த்துக் கொடுத்த ஒரு சோதனையில் ஆயுள் நீளவில்லை, அது வேறு விஷயம். மாமா தூண்டிவிடச் சொல்வதை ஆராய்ச்சியாளர்கள் அடக்கப் பார்க்கிறார்கள் என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், அக்கறையில்தான் அவரும் சொல்கிறார்.

கேள்வி: அப்பாவுக்கு 38 வயதிலேயே பார்க்கின்சன் வந்துவிட்டது. செல்லுக்குள் கழிவு சேர்வதால் வரும் நோய் என்கிறார்கள். எனக்கும் வருமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இளம் வயதில் வரும் பார்க்கின்சனில் ஒரு பகுதிக்கு பார்கின், பிங்க் 1 என்ற மரபணுக்களின் பழுது காரணம். செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போனால் அதற்கு அடையாளம் போட்டு ஆட்டோஃபேஜிக்கு அனுப்புவது இந்த இரண்டின் வேலை. அது நின்றால், உடல் அசைவுக்குத் தேவையான டோபமைனைச் சுரக்கும் நரம்பு செல்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. இதைச் சரிசெய்யும் மருந்து இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை, ஆட்டோஃபேஜியைத் தூண்டும் என்று இணையத்தில் விற்கும் மாத்திரைகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

இந்த மரபணுக்களால் நோய் வர, பொதுவாக அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வரும் இரண்டு பிரதிகளும் பழுதாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு இருப்பது இந்த வகை என்றால் உங்களுக்கு ஒரு பழுதான பிரதி நிச்சயம் வந்திருக்கும், அம்மாவின் பிரதி நன்றாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. உங்கள் பெற்றோர் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா? அப்படியானால் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அதை நரம்பியல் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மரபணுப் பரிசோதனையும் முதலில் அப்பாவுக்குத்தான் எடுக்க வேண்டும். அவரிடம் என்ன பழுது என்று தெரிந்தால்தான் உங்கள் ரத்தத்தில் எதைத் தேடுவது என்று தெரியும்.