திரும்பினால் மட்டும் சத்தம்

கேள்வி: என் ஜீப் பின்சக்கரத்தில் ஓடுவது. மெதுவாகத் திரும்பும்போது மட்டும் பின்னால் 'டக் டக்' என்கிறது. இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியலையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், இப்படி முடிந்த கேஸ்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பள்ளத்தில் இறங்கினாலும் தட்டுகிறதென்றால் ஷாக் அப்சார்பர் புஷ் (மூட்டு ரப்பர்), ஸ்பிரிங் பட்டை புஷ் பக்கம் போங்கள்.

இல்லை, திரும்பினால் மட்டும்தான் என்றால் டிஃபரன்ஷியல் மேல் சந்தேகம் நியாயமே. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் பினியன்கள் என்ற சின்ன பல்சக்கரங்கள் தம் அச்சில் சுழலும். நேராகப் போகையில் அவற்றுக்கு அந்த வேலை இல்லை.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல். கையில் தட்டு உணர்ந்தால் பினியன் தேய்ந்திருக்கலாம். டிஃபரன்ஷியல் எண்ணெயை வடித்துப் பாருங்கள்: இரும்புச் சில்லுகள் வந்தால் மெக்கானிக் சொன்னது சரி.

இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் அநேகமாக லிமிடெட் ஸ்லிப் வகை, அதாவது ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல். அதன் கிளட்ச் தட்டுகள் ஒட்டி ஒட்டி விடுவதாலும் இதே சத்தம் வரும். அதற்குரிய எண்ணெயும், தேவைப்பட்டால் உராய்வைச் சீராக்கும் கலவையான ஃபிரிக்‌ஷன் மாடிஃபையரும் ஊற்றி, காலி மைதானத்தில் மெதுவாக எட்டு போட்டுப் பாருங்கள். அப்புறம் செலவைப் பற்றி யோசிக்கலாம்.