பழைய பத்மினியில் புதிய எஞ்சின்: பெட்ரோல் டேங்க்கிலிருந்தே தொடங்குங்கள்

கேள்வி: ஐயா, என் தந்தை வாங்கிய 1978-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி என்னிடம் இருக்கிறது. அதன் எஞ்சின் முற்றிலும் தேய்ந்துவிட்டதால், மாருதி ஜிப்ஸியின் 1.3 லிட்டர் எம்.பி.எஃப்.ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீய்ச்சும்) எஞ்சினை கியர்பாக்ஸோடு பொருத்தும் வேலை ஒரு பட்டறையில் நடந்து வருகிறது. பழைய டேங்க்கும் பழைய பெட்ரோல் பைப்பும் அப்படியே இருக்கட்டும், நடுவில் ஓர் எலெக்ட்ரிக் பம்ப் வைத்தால் போதும் என்கிறார் மெக்கானிக். அது சரியா?
- கொளத்தூர் வாசகர்

பதில்: போதாது. வண்டி அன்றைக்கு ஓடிவிடும் என்பதால்தான் இந்த யோசனை ஆபத்தானது. உங்கள் பழைய எஞ்சினில் கேம்ஷாஃப்ட்டால் இயங்கும் டயஃப்ரம் பம்ப், கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டிருந்தால் போதும். அதற்கு 3 அல்லது 4 பி.எஸ்.ஐ அழுத்தமே மிகுதி. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ‘ரயில்’ என்ற குழாயிலோ 40 பி.எஸ்.ஐ அளவுக்கு அழுத்தம் நிற்கும். நாம் கார் டயருக்கு அடிக்கும் காற்றைவிட அது அதிகம். பழைய அழுத்தத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிந்த ஒரு ஹோஸ், இந்த அழுத்தத்தில் வெடித்தால் பெட்ரோலைப் புகையாகப் பீய்ச்சும், பக்கத்திலேயே சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கும்.

ஆகவே வேலையை டேங்க்கிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கார்புரேட்டர் வண்டியில், உறிஞ்சுகுழாய் ஒரு கணம் காற்றை இழுத்தாலும் மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் அந்த இடைவெளியைச் சமாளித்துவிடும். இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கு அப்படிப்பட்ட கையிருப்பு கிடையாது. டேங்க் கால்வாசி இருக்கும்போது கத்திப்பாரா மேம்பாலத்தின் நீண்ட வளைவில் ஏறினால், பெட்ரோல் முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றை இழுக்கும், நடுச்சாலையில் எஞ்சின் திணறும். அதோடு, இந்தப் பம்ப்பைக் குளிர்விப்பதும் அதற்கு மசகாக இருப்பதும் பெட்ரோல்தான் என்பதால், வறண்டு ஓடும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுள் குறையும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. டேங்க்கின் மேல்பக்கம் வட்டமாக வெட்டி, ஒரு பிற்காலக் காரின் பம்ப்பை, அதைச் சுற்றிப் பெட்ரோலைத் தேக்கி வைக்கும் கிண்ணத்தோடு உள்ளே இறக்கி, பெட்ரோல் ஒதுங்காதபடி தடுப்புத் தகடும் வைப்பது ஒன்று. பழைய டேங்க்கிலிருந்து ஒரு சிறிய பம்ப் பெட்ரோலை இழுத்து, ஒரு லிட்டர் கொள்ளும் துணை டேங்க்கை எப்போதும் நிரப்பி வைக்க, அதிலிருந்து பெரிய பம்ப் எஞ்சினுக்கு அனுப்புவது இன்னொன்று. சென்னைக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். மே மாத வெயிலில், போக்குவரத்து நெரிசலில் நிற்கும் வண்டியின் அடியில் பெட்ரோல் ஆவியாவது பெரும்பாலும் பம்ப் உறிஞ்சுகிற பக்கத்தில்தான். பம்ப்பே டேங்க்குக்குள் மூழ்கியிருந்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. ஆனால் டேங்க்கை வெட்டவோ வெல்டிங் செய்யவோ கொடுப்பதற்கு முன்பு, டேங்க் வேலையையே தொழிலாகக் கொண்டவரிடம் கொடுத்து உள்ளே ஆவி துளியும் இல்லாதபடி கழுவி வாங்குங்கள். நிறைந்த டேங்க்கைவிட, காலியாகிவிட்டது என்று நினைக்கும் டேங்க்தான் வெடிக்கும்.

இன்றைய பெட்ரோலையும் கணக்கில் கொள்ள வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய டேங்க்கின் உள்சுவரில் பல ஆண்டுகளாகப் படிந்திருக்கும் பிசினைக் கரைத்துக் கிளப்பிவிடும். பழைய ரப்பரையும் கார்க் கேஸ்கெட்டையும் கெடுக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடற்கரை ஊரில் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் காருக்கு இது சிறிய விஷயமல்ல. டேங்க்கின் உட்புறம் துருவாக இருந்தால் புதிய பம்ப்பின் வலை சில வாரங்களிலேயே அடைத்துக்கொள்ளும்.

பம்ப் மிகப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 80 குதிரைத்திறன் உள்ள இந்த எஞ்சின் முழு வேகத்தில்கூட மணிக்கு ஏறத்தாழ 25 லிட்டர்தான் கேட்கும். சாதாரண கார் பம்ப் அதைவிடப் பல மடங்கு தள்ளும். மீதி பெட்ரோல் திரும்பி வர வேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் ரயிலின் முனையில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இருந்தால் டேங்க் வரை தனி ரிட்டர்ன் லைன் போட்டே ஆக வேண்டும். அதன் முனை பம்ப் கிண்ணத்துக்குள், பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே முடிய வேண்டும். போகும் வழிக்கு 8 மி.மீ. எஃகுக் குழாயும், திரும்பும் வழிக்கு 6 மி.மீ. குழாயும் சரியாக இருக்கும். இரண்டையும் எக்ஸாஸ்ட்டுக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வளையும் இடங்களுக்கு வாங்கும் ஹோஸின் மேல் எஸ்.ஏ.இ. 30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல்வெட்டு உள்ள சாதாரண கிளிப் ஹோஸின் தோலை அறுத்துவிடும்; உட்புறம் வழவழப்பாக இருக்கும் இன்ஜெக்ஷன் கிளிப்பைக் கேட்டு வாங்குங்கள். பிராக்கெட், ரிலே பெட்டி போன்றவற்றைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி எடுப்பதில் தவறில்லை. பம்ப்பும் ஹோஸும் மட்டும் புதியவையாக இருக்கட்டும்.

பம்ப்பின் வயரை நேரடியாகச் சாவியில் இணைக்க அனுமதிக்காதீர்கள். எஞ்சினோடு வந்த ஈ.சி.எம். (எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி) கட்டுப்படுத்தும் ரிலே வழியாகப் போனால், எஞ்சின் சுழற்சி நின்ற உடனே பம்ப்பும் நின்றுவிடும். சாவியில் இணைத்த வண்டி மோதிக் கவிழ்ந்தாலும், பம்ப் அறுந்த குழாய் வழியே பெட்ரோலை ஊற்றிக்கொண்டேயிருக்கும். மோதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா ஸ்விட்ச் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ரயிலில் பிரஷர் கேஜ் மாட்டி, சாவியைத் திருப்பிப் பம்ப்பை ஓடவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். காகிதம் நனைந்தால் அந்த இணைப்பைப் பிரித்து மறுபடி போட வேண்டும். முள் சில நிமிடங்களில் பூஜ்யத்துக்கு விழுந்தாலும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

கேள்வி: எஞ்சினை மாற்றிய பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்தால் போதுமா?
- மந்தைவெளி வாசகர்

பதில்: முன்னதாகவே அனுமதி வாங்குவதுதான் முறை. ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண் மாறுவதால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி பதிவு அதிகாரியின் ஒப்புதல் தேவை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். 2021-இல் வந்த மத்திய அரசின் விதி, 50 ஆண்டு கடந்த வாகனத்தை விண்டேஜ் என்று பதிவு செய்ய வேண்டுமானால் சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. ஆகவே அந்த வயதை நெருங்கும் காரானால் மறுபடி யோசியுங்கள். அப்படியும் மாற்றுவதென்று முடிவெடுத்தால், சேஸிஸில் உள்ள பழைய எஞ்சின் மவுண்ட்டுகளை அறுக்காமல் புதியவற்றை போல்ட் போட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். பின்னாளில் பழையபடி மாற்ற வசதியாக, கழற்றிய எஞ்சினையும், வெட்டாமல் வேறு டேங்க் போட்டிருந்தால் பழைய டேங்க்கையும் எண்ணெய் தடவி மூடி வையுங்கள்.