தடைகளின் சுமை யார் தோளில்? – வாசகர் கேள்வி பதில்

உக்ரைன் போரைப் பற்றியும், அதன் காரணமாக ரஷ்யா மீது விதிக்கப்பட்டுள்ள பொருளாதாரத் தடைகளைப் பற்றியும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைச் சுற்றி வந்த அக்கேள்விகளைத் தொகுத்து இம்முறை விடையளிக்கிறேன்.

கேள்வி: 2022 முதல் ரஷ்யா மீது தடைக்கு மேல் தடையாக விதித்துக்கொண்டே இருக்கிறார்கள். உக்ரைன் நகரங்களின் மீது ஏவுகணை விழுவதோ நிற்கவில்லை. தடைகள் தோற்றுவிட்டன என்றுதானே கொள்ள வேண்டும்?

பதில்: போரை நிறுத்துவதுதான் நோக்கம் என்றால், அந்த நோக்கம் நிறைவேறவில்லை. இதை மழுப்பாமல் ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

2022 பிப்ரவரி 24 அன்று படையெடுப்பு தொடங்கிய சில நாள்களிலேயே, ரஷ்ய மத்திய வங்கியின் கையிருப்பில் ஏறத்தாழப் பாதி, அதாவது சுமார் 30,000 கோடி டாலர், வெளிநாடுகளில் முடக்கப்பட்டது. இத்தனை பெரிய நாட்டின் மத்திய வங்கிப் பணத்தை இந்த அளவுக்கு முடக்கியது அதுவே முதல்முறை. ரூபிளின் மதிப்பு சரிந்தது. பணம் எடுக்க மக்கள் வரிசையில் நின்றார்கள். மத்திய வங்கி தன் வட்டி விகிதத்தை ஒரே நாளில் 9.5 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்தியது. அவ்வாண்டு ரஷ்யப் பொருளாதாரம் 8.5 சதவீதம் சுருங்கும் என்று பன்னாட்டு நாணய நிதியம் ஏப்ரலில் கணித்தது. ஆனால் சுருக்கம் ஓரிரு சதவீதத்தோடு நின்றது. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் 3.5 சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி பதிவாயிற்று.

கணிப்பு பொய்த்ததற்கு முதற்காரணம் எண்ணெயும் எரிவாயுவும்தான். வங்கிகளுக்கிடையே பணம் பற்றிய செய்திகளைக் கொண்டுசேர்க்கும் ஸ்விஃப்ட் அமைப்பிலிருந்து ரஷ்யாவின் பல வங்கிகள் நீக்கப்பட்டபோது, எரிவாயுவுக்கான பணம் எந்த வங்கி வழியாகச் சென்றதோ அந்த காஸ்ப்ரோம்பேங்க் கவனமாக விட்டுவைக்கப்பட்டது. அமெரிக்கா அதன்மீது முழுத் தடை விதித்தது 2024 நவம்பரில்தான். கடல் வழியே வரும் ரஷ்யக் கச்சா எண்ணெயை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியதோ 2022 டிசம்பர் 5 அன்று, போர் தொடங்கி ஒன்பது மாதங்களுக்கும் மேல் கழித்து. இடைப்பட்ட காலத்தில் போரே எண்ணெய் விலையையும் எரிவாயு விலையையும் ஏற்றிவிட்டிருந்ததால், தடை விதிக்கப்பட்ட அந்த ஆண்டிலேயே ரஷ்யாவின் நடப்புக் கணக்கு உபரி, அதாவது வெளிநாடுகளிலிருந்து வந்த பணம் வெளியே போனதைவிட மிஞ்சிய தொகை, 20,000 கோடி டாலரைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. தடை என்னும் கருவி முறிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், அதை எத்தனை தயக்கத்தோடு கையில் எடுத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

அந்த வளர்ச்சி எத்தகையது என்பதும் முக்கியம். ரஷ்யா தன் கூட்டாட்சி வரவு செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பாதுகாப்புத் துறைக்கே ஒதுக்குகிறது. பீரங்கிக் குண்டு தயாரித்தாலும் அது உற்பத்திக் கணக்கில்தான் சேரும். ஆனால் வெடித்துச் சிதறிய குண்டினால் எந்த வீட்டுக்கும் பயன் இல்லை. வட்டி விகிதம் 2024 அக்டோபரில் 21 சதவீதத்தை எட்டியது. 2025 இல் வளர்ச்சி வெகுவாகத் தளர்ந்தது. மதிப்புக் கூட்டு வரி 2026 ஜனவரி முதல் 20 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக உயர்த்தப்பட்டது. தடைகள் ரஷ்யாவின் பணப்பையைக் காலி செய்யவில்லை, ஆனால் அதன் அடியில் துளையிட்டிருக்கின்றன. துளை சிறியது, போரோ காத்திருக்கவில்லை.

கேள்வி: ஸ்விஃப்ட்டிலிருந்து ஒரு வங்கியை நீக்குவது என்றால் என்ன?

பதில்: பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்விஃப்ட், பணத்தை அனுப்புவதில்லை; ‘இன்னாருக்கு இவ்வளவு கொடு’ என்னும் செய்தியை 200க்கும் மேற்பட்ட நாடுகளின் வங்கிகளுக்கிடையே பாதுகாப்பாகக் கொண்டுசேர்க்கிறது. அதிலிருந்து விலக்கப்பட்ட வங்கி வேறு வழிகளில் பரிமாற்றம் செய்யலாம், ஆனால் நேரமும் செலவும் கூடும். 2014 இல் கிரிமியாவை இணைத்துக்கொண்டபோது வந்த தடைகளுக்குப் பிறகு ரஷ்யா தனக்கென ஒரு செய்தி அமைப்பையும் ‘மிர்’ என்னும் அட்டை முறையையும் உருவாக்கிக்கொண்டதால், 2022 இல் உள்நாட்டுப் பரிமாற்றங்கள் நின்றுபோகவில்லை.

கேள்வி: பொருளாதார நெருக்குதலால் ஒரு போர் நின்றதாக வரலாற்றில் ஒரு நிகழ்வாவது உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அது பலரும் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. 1956 இல் சூயஸ் கால்வாய்க்காக இஸ்ரேலோடு சேர்ந்து பிரிட்டனும் பிரான்சும் எகிப்தைத் தாக்கியபோது, பவுண்டு நாணயம் சரியத் தொடங்கியது. பன்னாட்டு நாணய நிதியத்தின் உதவி பிரிட்டனுக்குக் கிடைக்காமல் அமெரிக்கா தடுத்தது. நவம்பர் 6 அன்று பிரிட்டன் போர்நிறுத்தத்துக்கு இணங்கியது. ஆண்டு முடிவதற்குள் அதன் படைகள் வெளியேறின. நெருக்கியது நட்பு நாடு, நெருக்கப்பட்ட நாடோ அந்த நட்பையே நம்பியிருந்தது என்பதால்தான் அது அவ்வளவு விரைவாகப் பலித்தது.

எதிர்மாறான நிகழ்வு 1935 இல் நடந்தது. அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீது இத்தாலி படையெடுத்ததற்காக, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் தடைகளை விதித்தது. ஆனால் எண்ணெயைப் பட்டியலில் சேர்க்கவில்லை, சூயஸ் கால்வாயையும் இத்தாலியக் கப்பல்களுக்கு அடைக்கவில்லை. 1936 மே மாதம் அபிசீனியத் தலைநகர் அடிஸ் அபாபா வீழ்ந்தது. ஜூலையில் தடைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. போருக்கு எது இன்றியமையாததோ அதை விட்டுவிட்டு மற்றவற்றைத் தடுத்த அந்தக் கதையைப் படிக்கும்போது, காஸ்ப்ரோம்பேங்க் எனக்கு நினைவுக்கு வராமல் போவதில்லை.

கேள்வி: ரஷ்ய எண்ணெயை இந்தியா வாங்குவது போருக்குப் பணம் கொடுப்பதாகாதா? மனசாட்சியோடு விடை சொல்லுங்கள்.

பதில்: அந்தப் பணத்தில் ஒரு பகுதி ரஷ்ய அரசின் கருவூலத்துக்குப் போகிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த வழியை வகுத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ரஷ்யா நாளொன்றுக்கு 70 லட்சம் பீப்பாய்க்கும் அதிகமான எண்ணெயையும் எண்ணெய்ப் பொருள்களையும் உலகுக்கு விற்றுவந்தது. அது திடீரென்று நின்றால் விலை எங்கே போய் நிற்கும் என்ற அச்சத்தில், ஜி-7 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஆஸ்திரேலியாவும் பீப்பாய்க்கு 60 டாலர் என்ற விலை உச்சவரம்பை 2022 டிசம்பரில் கொண்டுவந்தன. உலகின் பெருங்கப்பல்களில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்குக் காப்பீடு வழங்கும் சங்கங்கள் பெரும்பாலும் மேற்கு நாடுகளில் இருப்பவை. 60 டாலருக்கு மேல் விற்ற சரக்குக்கு அந்தக் காப்பீடு கிடைக்காது என்பதே அப்போதைய ஏற்பாடு. எண்ணெய் தொடர்ந்து வர வேண்டும், ரஷ்யாவின் வருவாய் மட்டும் குறைய வேண்டும் என்பது இதன் உட்பொருள். யாராவது அந்த எண்ணெயை வாங்கினால்தான் இந்த ஏற்பாடே இயங்கும். போருக்கு முன் இந்தியாவின் கச்சா எண்ணெய் இறக்குமதியில் மிகச் சிறிய பங்காக இருந்த ரஷ்ய எண்ணெய், 2023 இல் மூன்றில் ஒரு பங்கை எட்டியது இப்படித்தான். அதே எண்ணெயைச் சுத்திகரித்துக் கிடைத்த டீசலை ஐரோப்பாவும் வாங்கியது. அதை நிறுத்தும் விதி 2026 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

ரஷ்யா இதற்கு மாற்றாக ‘நிழல் கப்பல்கள்’ என்று சொல்லப்படும் பழைய எண்ணெய்க் கப்பல்களைத் திரட்டியது. உரிமையாளர் யார் என்று தெரியாமலும், கொடியை அடிக்கடி மாற்றிக்கொண்டும், நம்பத்தக்க காப்பீடு இல்லாமலும் இவை ஓடுகின்றன. 2024 டிசம்பரில் கெர்ச் நீரிணை அருகே புயலில் சிக்கிச் சேதமடைந்த இரண்டு ரஷ்ய எண்ணெய்க் கப்பல்கள் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆனாலும் வயதான கப்பல் உடைந்தால் கடற்கரைக்கு என்ன நேரும் என்பதை, எரியெண்ணெய் படிந்த அனாபா கரைகள் காட்டின. அப்படிப்பட்ட விபத்து வேறொரு நாட்டுக் கடலில் நடந்தால் ஈடு கொடுப்பவர் எவரும் இருக்க மாட்டார்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா, ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி இந்தியப் பொருள்கள் மீது கூடுதலாக 25 சதவீத வரி விதித்து, மொத்த வரியை 50 சதவீதமாக்கியது. எண்ணெய் வாங்கும் முடிவை எடுத்தவை சுத்திகரிப்பு நிறுவனங்களும் அரசும்; ரஷ்யா தந்த சலுகை விலையின் பயனைப் பெரும்பாலும் பெற்றவையும் அவையே. வரியின் அடியைத் தாங்கியவர்கள் ஆடை தைப்பவர்களும் இறால் வளர்ப்பவர்களும். முடிவெடுத்தவரைத் தாண்டி, முடிவில் பங்கே இல்லாதவர் தோளில் போய் இறங்கும் இந்தச் சுமையைத்தான் தடைகளின் ஆகப்பெரிய குறையாக நான் காண்கிறேன். அதே ஆண்டு அக்டோபரில் ரோஸ்னெஃப்ட், லுகோய்ல் ஆகிய இரு பெரும் ரஷ்ய எண்ணெய் நிறுவனங்கள் மீதே அமெரிக்கா தடை விதித்தது. அதை 2022 இலேயே செய்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது.

கேள்வி: ரஷ்யாவில் சாதாரண மக்கள் எப்படி வாழ்கிறார்கள்? கடைகள் காலியாக இருக்கின்றனவா?

பதில்: இல்லை. சீனப் பொருள்களும் மூன்றாம் நாடுகள் வழியாக வரும் மேற்கத்தியப் பொருள்களும் கடைகளில் கிடைக்கின்றன. விலையும் தரமும்தான் மாறியிருக்கின்றன. 2022 கோடையில் லாடா கார்கள் காற்றுப்பைகளும் சறுக்கல் தடுக்கும் பிரேக் அமைப்பும் இல்லாமல் தயாரிக்கப்பட்டன. அதற்கேற்ப அரசு பாதுகாப்பு விதிகளையே தளர்த்தியது. 2024 இல் பணவீக்கம் 9.5 சதவீதமாக இருக்க, வெண்ணெயின் விலை மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது. ஆயுத ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளம் உயர்ந்தது. ஓய்வூதியம் பெறும் மூதாட்டிக்கும், 20 சதவீத வட்டியில் வீட்டுக் கடன் தேடும் இளைஞருக்கும் அந்த உயர்வில் பங்கில்லை.

இதை எழுதும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2022 ஆம் ஆண்டில் மட்டும் உக்ரைனின் பொருளாதாரம் ஏறத்தாழ 29 சதவீதம் சுருங்கியது. மரியூபோலின் பெரும் எஃகு ஆலைகள் இடிபாடுகளாயின. வெண்ணெய் விலையையும் வீடிழப்பையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கேள்வி: உணவுப் பொருள்களுக்குத் தடை இல்லை என்கிறார்கள். பிறகு ஏன் ஏழை நாடுகளில் கோதுமைத் தட்டுப்பாடு வந்தது?

பதில்: உலகக் கோதுமை ஏற்றுமதியில் கால்பங்குக்கு மேல் ரஷ்யாவும் உக்ரைனும் அளித்துவந்தன. உக்ரைன் தானியம் முடங்கியதற்குக் காரணம் தடைகள் அல்ல. கருங்கடல் துறைமுகங்களை ரஷ்யக் கடற்படை அடைத்ததுதான். 2022 மார்ச்சில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் உணவு விலைக் குறியீடு அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. ஜூலையில் துருக்கியும் ஐ.நா.வும் முன்னின்று இஸ்தான்புல்லில் செய்த உடன்பாட்டின்படி ஏறத்தாழ 3.3 கோடி டன் உணவுப் பொருள்கள் வெளியேறின. ஓராண்டு கழித்து ரஷ்யா அதிலிருந்து விலகியது.

ரஷ்ய தானியத்தின் நிலை வேறு. அதற்கும் உரத்துக்கும் தடை இல்லைதான். ஆனால் பணம் பெறும் வங்கி தடைப் பட்டியலில் இருக்கிறதா, கப்பல் உரிமையாளர் பட்டியலில் இருக்கிறாரா என்ற அச்சத்தில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் சட்டம் கேட்பதற்கும் மேலாக விலகி நின்றன. ஏட்டில் உள்ள விலக்கு துறைமுகத்தில் செல்லாமல் போவது புதிதன்று. 1990 இல் ஈராக் மீது ஐ.நா. பாதுகாப்பு அவை விதித்த தடையிலும் மருந்துக்கு விலக்கு உண்டு, மனிதாபிமான அடிப்படையில் உணவுக்கும் உண்டு. எண்ணெய் விற்க முடியாத நாட்டிடம் அவற்றை வாங்கப் பணம்தான் இல்லை. எண்ணெய் விற்று உணவும் மருந்தும் வாங்க அனுமதித்த ‘எண்ணெய்க்கு உணவு’ என்ற திட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது 1996 இறுதியில். அதை மேற்பார்வையிட்ட ஐ.நா. அதிகாரி டெனிஸ் ஹாலிடே, மக்கள் படும் துன்பத்தைப் பொறுக்க மாட்டாமல் 1998 இல் பதவி விலகினார்.

கேள்வி: முடக்கிய ரஷ்யப் பணத்தை அப்படியே உக்ரைனுக்குக் கொடுத்துவிட்டால் என்ன?

பதில்: அந்தப் பணத்தின் பெரும்பகுதி பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் உள்ள, நிதிப் பத்திரங்களைப் பாதுகாத்துவைக்கும் யூரோகிளியர் நிறுவனத்திடம் இருக்கிறது. அதிலிருந்து வரும் ஆதாயத்தைப் பிணையாக வைத்து உக்ரைனுக்கு 5,000 கோடி டாலர் கடன் தர ஜி-7 நாடுகள் 2024 இல் முடிவு செய்தன. முடக்கிய தொகையையே எடுப்பதில்தான் சிக்கல். ஒரு நாட்டின் மத்திய வங்கிச் சொத்தை இன்னொரு நாடு பறிமுதல் செய்தால், நாளை வழக்கில் தோற்றுத் திருப்பித் தர நேர்ந்தால், பொறுப்பு தன் தலையில் விழும் என்று பெல்ஜியம் அஞ்சியது. 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் சொத்தைக் காலவரையின்றி முடக்கிவைத்தது. உக்ரைனுக்கான 9,000 கோடி யூரோவையோ தன் சொந்தப் பெயரில் கடன் வாங்கித் தர முடிவு செய்தது.

ஆக்கிரமித்த நாடே சேதத்துக்கு ஈடு தர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஐ.நா. பொதுச் சபையும் 2022 நவம்பரில் அவ்வாறே தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் அந்த ஈட்டை இறுதியில் யார் செலுத்துகிறார்கள் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. குவைத்தை ஆக்கிரமித்ததற்காக ஈராக் தன் எண்ணெய் வருவாயிலிருந்து மொத்தம் 5,240 கோடி டாலர் இழப்பீடு செலுத்தியது. கடைசித் தவணை கட்டப்பட்டது 2022 ஜனவரியில், உக்ரைன் மீதான படையெடுப்புக்கு முந்தைய மாதம். அந்த நாளில் ஈராக்கில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் குவைத் போருக்குப் பின் பிறந்தவர்கள்.