குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்துகிறான், பெயர் சொன்னால் திரும்புவதில்லை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் மகனுக்கு மூன்று வயது எட்டு மாதம். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. தண்ணீர் வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்காமல், என் கையைப் பிடித்து இழுத்துச் சென்று குடத்தின் மேல் வைக்கிறான். ஆனால் தொலைக்காட்சி விளம்பர வாசகங்களைப் பிசகாமல் ஒப்பிக்கிறான். ஆட்டிசமாக இருக்கலாம் என்கிறார் குழந்தை மருத்துவர். "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், இவள் செல்போனைக் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்கிறார் என் மாமியார். ஸ்டெம் செல் சிகிச்சையில் குணமாகிவிடும் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். அதற்காக நகையை விற்கலாமா?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: நகையை விற்க வேண்டாம். ஆட்டிசத்திற்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022ஆம் ஆண்டிலேயே தெரிவித்துவிட்டது. ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே அமைந்த வேறுபாடு. அதைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. உடன் வரும் வலிப்பு, உறக்கமின்மை, கடுமையான எரிச்சல் போன்றவற்றிற்கு மருத்துவர் மருந்து தரக்கூடும், அவ்வளவுதான். பெற்றோரின் பதற்றத்தை விலைபேசும் இடங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருவதால் இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன்.

உங்கள் மாமியாரின் குற்றச்சாட்டு புதிதன்று. அமெரிக்க மனநல மருத்துவர் லியோ கேனர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் என்பது தனியொரு நிலையாக மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. அதற்குப் பிந்தைய இருபதாண்டுகளில், அன்பில்லாத தாய்மார்களே இதற்குக் காரணம் என்று படித்த மருத்துவர்களே சொல்லித் திரிந்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் 1964இல் அந்தக் கருத்தை ஆதாரங்களோடு மறுத்தார். இன்று அதை எந்த மருத்துவரும் ஏற்பதில்லை. செல்போனால் ஆட்டிசம் வராது; எனினும் அது பிடித்துக்கொள்ளும் நேரம் முழுவதும் குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டிய நேரம் என்பதால், அதைக் குறைப்பது நல்லது.

முதலில் செவித்திறனைச் சோதித்துவிடுங்கள். விசிலுக்கு அலறுகிறவனுக்குக் காது எப்படிக் கேட்காமல் இருக்கும் என்று தோன்றலாம். ஆனால் சில ஒலிகள் மட்டும் கேட்காத குறைபாடும் உண்டு என்பதால், ஒலிக்குச் செவி நரம்பும் மூளையும் தரும் மின் எதிர்வினையை அளக்கும் பெரா (BERA) பரிசோதனை அவசியம். பிறகு மாவட்டத்தில் அரசு நடத்தும் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்திலும் மதிப்பீடு செய்கிறார்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் பயிற்சியை இன்றே வீட்டில் தொடங்கலாம்.

உங்கள் கையைக் குடத்தின் மேல் வைக்கிறானே, அதுவே அவனுடைய பேச்சு. அந்த நொடியில் அவன் கண்மட்டத்திற்குக் குனிந்து "தண்ணி" என்று ஒரே சொல்லை நிறுத்திச் சொல்லிவிட்டு, உடனே தண்ணீரைக் கொடுங்கள். "சொன்னால்தான் தருவேன்" என்று தாகத்தைப் பணயம் வைக்காதீர்கள். குடம், தட்டு, செருப்பு, கழிப்பறை ஆகியவற்றை நீங்களே படமெடுத்துச் சுவரில் அவன் எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள். படத்தைத் தொட்டுக் கேட்கப் பழகும் குழந்தைக்குப் பேச்சு நின்றுவிடும் என்ற அச்சத்திற்கு அடிப்படை இல்லை. விளம்பர வாசகங்களையும் வெறும் கிளிப்பேச்சாக எண்ணாமல், எந்த நேரத்தில் எந்த வாசகம் வருகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பிஸ்கட் விளம்பரம் பசிக்கும்போதே வருகிறது என்று கண்டுபிடித்த தாய்மார்களை நான் அறிவேன்.

விசில் அடிக்கும் முன் "விசில் வரப்போகுது" என்று சொல்லி, அவனைக் கொல்லைப்புறத்திற்கு அனுப்புங்கள். அவனுடைய அலறல் அடம் அன்று. அடம் பிடிக்கிற குழந்தை நீங்கள் பார்க்கிறீர்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். புலன்கள் தாங்காமல் உடைந்துபோகிற குழந்தைக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. அப்போது அறிவுரையும் அடியும் கூடுதல் இரைச்சலாகவே சேரும். விளக்கை அணைத்து, அருகில் அமைதியாக உட்காருங்கள்.

இன்னொன்று: "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களுக்குத் தாலாட்டவும் கோபிக்கவும் வரும் மொழியில்தான் அவனோடு இயல்பாகப் பேச முடியும்.

கேள்வி: என் மூத்த பேரனுக்கு ஆட்டிசம். தட்டம்மைத் தடுப்பூசியால் வந்தது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இளைய பேத்திக்குப் போடாமல் விட்டுவிடலாமா?
– ஒரு தாத்தா, விருதுநகர்

பதில்: கட்டாயம் போடுங்கள், ஐயா. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டன் மருத்துவர் பன்னிரண்டு குழந்தைகளை மட்டும் வைத்து எழுதிய கட்டுரைதான் இந்த வதந்தியின் வேர். அதை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டில் அவருடைய மருத்துவப் பதிவும் ரத்தானது. பிறகு பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகள் எதிலும் தொடர்பு காணப்படவில்லை. ஊசி போடும் வயதும், ஆட்டிசத்தின் அறிகுறிகள் கண்ணில் படும் வயதும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதே இந்தக் குழப்பத்திற்குக் காரணம். தட்டம்மை உயிரைக் கொல்லும் நோய் என்பதையும் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு வயது பதினேழு, ஆட்டிசம், பேச்சு மிகக் குறைவு. "எங்களுக்குப் பிறகு நீதான்" என்று அம்மா அடிக்கடி சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. பயப்படுவதே தவறோ என்றும் தோன்றுகிறது.
– கல்லூரி மாணவி, சேலம்

பதில்: தவறில்லை, மகளே. உங்களிடம் கேட்காமலேயே தலையில் வைக்கப்பட்ட பாரம் இது. பெற்றோர் இருக்கும்போதே செய்ய வேண்டிய ஏற்பாடுகளைச் செய்தால் அது பாதியாகக் குறையும். ஆட்டிசம் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ள 21 வகைகளில் ஒன்று. ஆகவே அடையாள அட்டை இல்லையென்றால் உடனே பெறுங்கள். தம்பிக்குப் பதினெட்டு நிறைந்ததும், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனத்திற்கு விண்ணப்பிக்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு.

சட்டத்தைவிட அவசரமானது தம்பியின் அன்றாடப் பழக்கங்கள். சோறு பரிமாறிக்கொள்வது, தனியாகக் குளிப்பது, உடைமாற்றும்போது கதவைச் சாத்துவது ஆகியவற்றை அவர் இன்று கற்றுக்கொள்ளும் அளவுக்கு நாளை உங்கள் கை ஓயும். இந்தப் பக்கத்தை அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் நேரில் சொல்லத் தயங்குவதை நான் சொன்னதாகவே இருக்கட்டும்.