வீட்டுப் பட சீடிகளுக்கு நடுவே யாருக்கும் தெரியாத டிஸ்க் இருந்தால் வீசிவிடலாமா?

கேள்வி இதுதான்: அப்பா சேர்த்து வைத்த பழைய பட சீடிகளுக்குள் பெயரே இல்லாத சில டிஸ்க்குகள், அதில் ஒன்றிரண்டு உள்ளங்கை அளவு, பிளேயரில் போட்டால் ஓடவில்லை, வீசிவிடலாமா?

தயவுசெய்து வீசாதீர்கள். கடையில் வாங்கிய படத்தை இன்றைக்கு எங்கேயாவது தேடிப் பிடித்துவிடலாம். பெயரில்லாத டிஸ்க்கில் இருப்பதற்கு வேறு கொப்பியே இல்லாமல் இருக்கலாம்.

முதலில் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கம்பெனியில் அச்சடித்த சீடி வெள்ளியாக மின்னும். பச்சையோ நீலமோ அடித்தால் பெரும்பாலும் யாரோ கம்பியூட்டரில் ரைட் பண்ணிய சீடி, ஊதா என்றால் ரைட் பண்ணிய டிவிடி. நடுவிலிருந்து விளிம்புப் பக்கம் பார்த்துக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் நிறம் சட்டென்று மாறினால், அதுவரைக்கும் ஏதோ பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளங்கை அளவு என்றால் அநேகமாக 8 சென்டிமீட்டர் டிவிடி, கேமராவுக்குள் போட்டு நேராகவே எடுப்பது. எடுத்து முடித்ததும் கேமராவிலேயே ஃபைனலைஸ் பண்ண வேண்டும் (மற்ற பிளேயர்களும் படிக்கிற மாதிரி பதிவை முடித்து மூடுவது), பண்ணாமல் விட்டிருந்தால் வேறு பிளேயர்கள் அதைப் படிக்காது. அதற்காக உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள், அந்தக் கேமரா கிடைத்தால் அதிலேயே முடிக்கலாம், இல்லாவிட்டால் ஐசோபஸ்டர் மாதிரி மென்பொருளில் முயன்று பாருங்கள். டிஸ்க்கை வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் டிரைவில் மட்டும் இதைப் போடவே வேண்டாம், மாட்டிக்கொள்ளும். தட்டு வெளியே வருகிற டிரைவில் நடுவில் சின்னப் பள்ளம் இருக்கும், அதில் வையுங்கள்.

பச்சை அடியில் இருப்பது வீடியோ சீடியாக இருந்தால் கம்பியூட்டரில் எம்பெக்ஏவி (MPEGAV) என்ற ஃபோல்டர் தெரியும். அதற்குள் இருக்கும், .DAT என்று பெயர் முடிகிற ஃபைல் விஎல்சி (VLC) என்ற வீடியோ மென்பொருளில் ஓடும். ஒரு சீடியில் 74 நிமிடம் அளவுக்குத்தான் பிடிக்கும் (முழுப்படம் இரண்டு மூன்று சீடியாக வந்தது அதனால்தான்), ஆகவே ஒரு விசேஷமே பல டிஸ்க்கில் பிரிந்து கிடக்கலாம், எல்லாவற்றையும் தேடி எடுங்கள்.

நாங்கள் இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்து ஆட்கள். எங்கள் வீட்டில் அப்படிக் கிடைத்தது ஒரு மாசி மாதத்துக் காமன் கூத்து, மன்மதன் ரதி கதையை ஆடுவது. ரதி வேடம் கட்டி ஆடுவது எங்கள் பெரியப்பா! தப்பு அடிப்பவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, யார் வீட்டு ஆள், எந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு) என்று சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். நீங்களும் வயதானவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள், அவர்கள் இல்லாமல் அந்த முகங்களுக்குப் பெயர் கிடைக்காது.

துடைப்பதென்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக, வட்டமாகத் தேய்க்க வேண்டாம். மேலே ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், சீடியில் பதிவைத் தாங்கும் படலம் மேல்பக்கத்துக்கு ஒட்டினாற்போலத்தான் இருக்கிறது, கூடவே உரிந்து வந்துவிடும். நம் பக்கத்துப் பனியில் சில்லென்று இருக்கும் டிஸ்க்கை எடுத்த கையோடு போடாமல் ஈரம் காயும்வரை வையுங்கள்.

ஓடியதும் உடனே கொப்பி எடுங்கள். எங்களுடையதில் ஒன்றைக் கொழும்பில் வேலை செய்யும் தம்பியிடம் கொடுத்து வைத்திருக்கிறோம், இங்கே மண்சரிவு வந்தால் லயத்தோடு எல்லாமே போய்விடும்.